பங்கு பிரிக்கும் இடம்

வேட்டையாடியும் கிழங்கு, தேன், மீன் என்று சேகரித்தும் வாழும் மக்களைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும், எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். வில்லையும் அம்பையும், வாயால் ஊதி அம்பு எய்யும் ஊதுகுழலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிடைத்த உணவை யார் அறுக்கிறார்கள், எந்தக் குடிலுக்கு எந்தத் துண்டு போகிறது, யார் வாய் திறந்து கேட்கிறார்கள், கேட்டவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அந்தச் சமுதாயத்தின் சட்டமும் அரசியலும் சமயமும் குழந்தை வளர்ப்பும் அந்த ஓர் இடத்தில் கூடி நிற்கின்றன.

நான் சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டே மாலை வகுப்புகளில் மானுடவியல் படித்தவள். பட்டம் வாங்கிய பிறகும் அந்தப் படிப்பு என்னை விடவில்லை. ஈசூனில் எங்கள் புளோக்கைச் சுற்றியுள்ள பெற்றோர் சிலரோடு மாதம் ஒருமுறை கூடிப் படிக்கிறோம். பள்ளி விடுமுறைகளில் மலேசியாவின் பகாங் மாநிலக் காட்டோரத்தில் பாத்தேக் மக்களையும், நீரிணைக்கு அக்கரையில் ஜோகூரில் ஓராங் சிலேத்தார் மக்களையும் பார்த்துப் பழகும் வாய்ப்பும் கிடைத்தது. இந்த வழியில் வர நினைக்கும் தமிழர்களுக்குப் பயன்படும் என்று தோன்றுவதை இங்கே எழுதுகிறேன்.

படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் எதிர்கொள்வது ஓர் எண்ணை. 1966ஆம் ஆண்டு சிகாகோவில் ரிச்சர்ட் லீ, இர்வன் டிவோர் என்ற மானுடவியலாளர் இருவர் வேட்டைச் சமுதாயங்களைப் பற்றி ஒரு மாநாடு கூட்டினார்கள். அதுவரை, விடிந்தால் பசி, இருட்டினால் பயம் என்று காலம் தள்ளுபவர்கள் இம்மக்கள் என்பதே படித்தவர்களின் பொதுவான எண்ணம். லீ, ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைநிலத்தில் டோபே என்ற நீர்நிலையருகே ஜுஹோவான்சி மக்களோடு தங்கியவர். 1964 ஜூலையில் நான்கு வாரங்கள், முகாமில் இருந்தவர்களில் யார் உணவு தேடப் போனார்கள், யார் போகவில்லை என்று நாள்தோறும் குறித்துவைத்தார். சராசரி, வாரத்துக்கு இரண்டரை நாளுக்கும் குறைவாக வந்தது. உணவில் பெரும்பங்கு இறைச்சியும் இல்லை. பெரும்பாலும் பெண்கள் சேகரித்த தாவர உணவே மூன்றில் இரண்டு பங்கு வயிற்றை நிரப்பியது. அதிலும் மொங்கோங்கோ என்ற கொழுப்பு மிகுந்த கொட்டைக்கு முதலிடம். அதே மாநாட்டில் மானுடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ், வேண்டுவது குறைவாக இருப்பதால் இவர்களே உலகின் ஆதி வளமான சமுதாயத்தினர் என்று வாதிட்டார்.

இதைக் குழுவில் சொன்னபோது, கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தந்தை சட்டென்று கேட்டார்: "அப்படியானால் நாம் ஏன் டீச்சர் வாரத்துக்கு ஆறு நாள் ஓடுகிறோம்?" அறையில் இருந்த அத்தனை பேர் மனத்திலும் இருந்த கேள்வி அது. அந்த எண் உலகம் முழுவதும் பரவியதற்கும் அந்தக் கேள்விதான் காரணம். ஆனால் எண்ணைக் கண்டதும் எதை எண்ணினார்கள் என்று கேட்டுவிட வேண்டும். லீயின் முதல் கணக்கில் இருந்தது உணவு தேடிப் போன நேரம் மட்டும். கொட்டையை உடைப்பது, விறகும் தண்ணீரும் கொண்டுவருவது, சமைப்பது, அம்பும் பையும் செய்வது, செய்ததைப் பழுதுபார்ப்பது ஆகியவற்றை அவரே பின்னர் சேர்த்துப் பார்த்தபோது வாரத்துக்கு நாற்பது மணி நேரத்தைத் தாண்டியது. சமையலையும் தண்ணீர் சுமப்பதையும் வேலையாக எண்ணாத கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தாத கணக்கு. எங்கள் குழுவின் பெண்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

அதற்காக லீயை ஒதுக்கிவிடவும் முடியாது. வடக்குப் பிலிப்பீன்ஸின் ஆக்தா மக்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், காட்டையும் கடலையும் நம்பி வாழ்ந்தவர்கள் வாரத்துக்குச் சுமார் 20 மணி நேரமும், பயிர்த்தொழிலுக்கு மாறியவர்கள் சுமார் 30 மணி நேரமும் உழைத்தார்கள். அப்படி மாறியபோது அதிக ஓய்வை இழந்தவர்கள் பெண்கள். உழவு வந்ததால் வாழ்க்கை எளிதானது என்று பாடப்புத்தகங்களில் படித்த நமக்கு, இது நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

இன்னோர் எண்ணையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மைக்கேல் கர்வன், ஹில்லார்ட் கப்லான் இருவரும் 2007இல் பல வேட்டைச் சமுதாயங்களின் பிறப்பு இறப்புக் கணக்குகளை ஒன்றுசேர்த்தார்கள். பிள்ளைப் பருவத்தைத் தாண்டியவர்கள் பலர் எழுபது வயதை ஒட்டி வாழ்ந்தார்கள். ஆனால் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் பதினைந்து வயதை எட்டவில்லை. காட்டு வாழ்க்கையின் அமைதியைப் பற்றி யாராவது மிகவும் உருகிப் பேசும்போது நான் இந்த எண்ணைச் சொல்லாமல் விடுவதில்லை. பிள்ளையைப் புதைத்த தாய்மார்கள் வாழ்ந்த, வாழ்கிற சமுதாயங்கள் இவை. அவர்களுடைய அறிவை மதிக்க வேண்டுமென்றால் அவர்களுடைய துயரத்தை மறைக்கக் கூடாது.

இனிப் பங்கீட்டுக்கு வருகிறேன்.

பாத்தேக் மக்கள் தீபகற்ப மலேசியாவில், தாமான் நெகாரா எனப்படும் தேசியப் பூங்காக் காட்டிலும் அதன் ஓரங்களிலும் வாழ்கிறார்கள். கிர்க் எண்டிகாட், கேரன் எண்டிகாட் தம்பதியர் 1975, 76ஆம் ஆண்டுகளில் கிளந்தானின் லெபிர் ஆற்றுப் பகுதியில் அவர்களோடு தங்கி ஆய்வு செய்தார்கள். உணவு கொண்டுவந்தவர் முதலில் தன் பிள்ளைகளுக்கும் துணைக்கும் கொடுப்பார். பிறகு பெற்றோர், மாமனார் மாமியாருக்கு. பிறகு முகாமில் உள்ள மற்ற எல்லோருக்கும். ஒவ்வொரு குடிலிலும் அதே கிழங்கு வெந்துகொண்டிருந்தாலும் தட்டு போகும், தட்டு வரும்.

படித்தபோது இது எனக்கு ஒரு தகவலாகத்தான் இருந்தது. தெம்பெலிங் ஆற்றங்கரையில் பனையோலை போன்ற நீண்ட ஓலைகளைச் சாய்த்துக் கட்டிய குடில்களுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அதன் வேகம் புரிந்தது. ஒரு பையன் கையளவு மீன் இரண்டு கொண்டுவந்தான். அவனுடைய பாட்டியாக இருக்க வேண்டும், அந்த அம்மா இலையை விரித்து, கத்தியின் முனையால் செதிலைச் சுரண்டி, மீன்களைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கினார். யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெந்ததும் ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமியின் கையில் இலைத்துண்டில் வால் பகுதியை வைத்து, முகவாயால் கடைசிக் குடிலைக் காட்டினார். அவள் நடுவழியில் ஒரு முள்ளை எடுத்துச் சப்பிவிட்டு, மீதியைச் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கிருந்து அவிந்த மரவள்ளிக்கிழங்கு ஒன்று அவள் கையிலேயே திரும்பி வந்தது. யாரும் நன்றி சொல்லவில்லை. யாரும் பாராட்டவில்லை. அந்தச் சிறுமிக்கு அன்று நடந்தது பாடம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த முகாமின் மிக முக்கியமான வேலையை அவள் செய்துவிட்டுப் போனாள்.

தீபாவளிக்கு நம் வீட்டு முறுக்குத் தட்டு பக்கத்து மலாய் வீட்டுக்குப் போய், நோன்புப் பெருநாளுக்குக் குவே என்னும் மலாய்ப் பலகாரம் நிறைந்து திரும்பி வருகிறதே, அது போல என்று குழுவில் ஒருவர் சொன்னார். புரிந்துகொள்ள உதவும் ஒப்புமைதான். ஆனால் நம் தட்டில் கொடுப்பவரின் மனம் பெரிதாகத் தெரிகிறது, பெறுபவர் கடன்படுகிறார். பாத்தேக் முகாமில் உணவு கொடுப்பவருடைய சொத்தே இல்லை. காட்டிலிருந்து வந்தது, எடுத்துவந்தவருக்குப் பிரிக்கும் கடமை, மற்றவருக்குப் பெறும் உரிமை. தரவில்லையென்றால் கேட்கலாம். நியாயமாகக் கேட்டதை மறுத்தால், மறுக்கப்பட்டவருக்கு மனம் உடைந்து உடம்புக்கு வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு மறுத்தவர்தான் பொறுப்பு. கேட்டுப் பெறும் இந்தப் பங்கீட்டைப் பற்றி ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே ஆய்வு செய்த நிக்கலஸ் பீட்டர்சன் 1993இல் விரிவாக எழுதினார். அதன் பிறகு ஆய்வாளர்கள் பார்க்கும் பார்வையே மாறியது. தாராள மனம் என்று அதுவரை எழுதிவந்த இடங்களில், கேட்கிறவரின் உரிமை தெரிய ஆரம்பித்தது.

இரப்பது இழிவு, இல்லையென்பது அதைவிட இழிவு என்று படித்து வளர்ந்த தமிழ் மனத்துக்கு இது எளிதில் இறங்காது. என் மாமியார் குழுவுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்பவர். அன்று இரவு வீட்டுக்கு வந்ததும், "கேட்டு வாங்கிச் சாப்பிடுவதில் என்னம்மா மரியாதை இருக்கிறது?" என்றார். "கேட்டால் குறைவு என்று யாரும் நினைக்காத ஊரில், கேட்பதற்கு ஏன் அத்தை கூச வேண்டும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, எங்கள் தளத்தில் தனியாக இருக்கும் ஒரு சீன முதியவரைப் பற்றிச் சொன்னார். அவர் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை, அதனால் யாரும் எதுவும் கொடுத்ததில்லை. நான் சொன்னதைவிட இந்த விஷயத்தின் உட்பொருளை அவர் நன்றாகப் பிடித்துவிட்டார். கொடுக்கச் சொல்லித்தான் எல்லாப் பள்ளிகளிலும் கற்பிக்கிறோம். கேட்பதற்கு யாரும் கற்பிப்பதில்லை. என் வகுப்பில் இப்போது அதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதுகோல் இல்லாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் நேராகக் கேட்க வேண்டும், கேட்கப்பட்ட பிள்ளை இருந்தால் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்க வேண்டும். இடையில் டீச்சர் எதற்கு?

இந்தச் சமத்துவம் தானாக விளைந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நாள்தோறும் காவல் காத்துத்தான் வைத்திருக்கிறார்கள். லீ ஒரு கிறிஸ்துமஸுக்கு ஜுஹோவான்சி நண்பர்களுக்கு விருந்து வைக்க, கிடைத்ததிலேயே கொழுத்த எருது ஒன்றை வாங்கினார். ஒருவர் பின் ஒருவராக வந்து, எலும்பும் தோலுமாக இருக்கிறதே, இதை வைத்து எப்படி விருந்து வைப்பாய் என்று அவர் மனம் நோகும்படி பேசினார்கள். வெட்டியபோது கொழுப்பு வழிந்தது. பெரிய மிருகத்தைக் கொன்றுவரும் எந்த இளைஞனையும் இப்படித்தான் பேசுவோம், இல்லையென்றால் அவன் தன்னைத் தலைவன் என்றும் மற்றவர்களை வேலைக்காரர்கள் என்றும் நினைக்கத் தொடங்கிவிடுவான் என்று பிறகு அவருக்கு விளக்கினார்கள். கர்வம் ஒருநாள் ஒருவரைக் கொலை செய்ய வைக்கும் என்பது அவர்கள் அச்சம். திறமை உள்ளவரைத் தட்டிவைப்பது பொறாமை என்றே கேட்டுப் பழகிய எனக்கு, இதை ஏற்பதற்குக் காலம் பிடித்தது. இப்போது அதை மிகுந்த அறிவாகவே பார்க்கிறேன். பரிசளிப்பு விழாக்களில் பிள்ளைகளை மேடையேற்றும் வேலையை ஆண்டுதோறும் செய்பவள் நான்; மேடையேறாத பிள்ளைகளின் முகங்கள் எனக்குத் தெரியும்.

தான்சானியாவில் எயாசி ஏரிக்கரை ஹாட்ஸா மக்களோடு பழகிய ஜேம்ஸ் உட்பர்ன், 1982இல் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். உழைப்பின் பலனை அன்றே அல்லது அடுத்த சில நாளில் உண்டு முடிக்கும் சமுதாயங்கள் ஒரு வகை. பலனைத் தள்ளிப்போட்டு, சேர்த்து, காத்து, வாரிசுக்கு விட்டுச்செல்லும் சமுதாயங்கள் இன்னொரு வகை. சேர்த்துவைத்தது எதுவும் இல்லையென்றால் யாரும் யாரையும் பிடித்துவைக்க முடியாது. பிடிக்கவில்லையா, மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த முகாமுக்குப் போய்விடலாம். உட்பர்ன் எழுதியதில் எனக்குப் பிடித்த பகுதி சூதாட்டம் பற்றியது. ஹாட்ஸா ஆண்கள் மரப்பட்டைத் துண்டுகளை மரத்தில் எறிந்து ஆடுவார்கள். அம்பு, மணி, துணி எல்லாம் ஒருவர் கையில் தங்காமல் கைமாறிக்கொண்டே இருக்கும். திறமை வேண்டாத ஆட்டம் என்பதால் யாரும் நெடுநாள் செல்வராக இருக்க முடியாது.

சிங்கப்பூரில் நாம் வாழ்வது இரண்டாவது வகையின் உச்சத்தில். 1955இல் தொடங்கிய மத்திய சேம நிதி, வீட்டுக் கடன், பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கான சேமிப்பு என்று நம் வாழ்நாள் முழுவதுமே நாளைக்காக அமைந்திருக்கிறது. அதில் பெரும் பாதுகாப்பு இருக்கிறது, அதை இழக்க நான் விரும்பவில்லை. ஆனால் எதைக் கொடுத்து அதைப் பெறுகிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது. குழுவில் இந்தப் பகுதியைப் படித்த மாலைதான் எல்லோரும் மிக நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். கலஹாரிக்குப் போவதற்கு முன் நம் மலைகளைப் படியுங்கள். பீட்டர் கார்ட்னர் 1962 முதல் 1964 வரை தமிழ்நாட்டின் தென்மேற்கு மலைகளில் பளியர்களோடு தங்கினார். சண்டை மூண்டால் அடித்துக்கொள்ளாமல் ஒருவர் விலகிப் போய்விடுவதையும், இன்னொருவர் மேல் அதிகாரம் செலுத்துவதையே அவமதிப்பாக அவர்கள் கருதியதையும் பதிவு செய்தார். பிரையன் மோரிஸ் எழுபதுகளின் தொடக்கத்தில் கேரள மலைகளில் மலைப்பண்டாரங்களோடு இருந்தார். நூரித் பேர்ட்-டேவிட் 1978, 79இல் நீலகிரி வயநாட்டில் காட்டுநாயக்கர்களோடு இருந்தார். அவர்களுக்குக் காடு தாயும் தந்தையும் போல, பிள்ளைகளுக்குக் கேட்காமலே கொடுப்பது என்று எழுதினார். காட்டைக் கிடங்காகப் பார்க்கும் பார்வைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம்மவர்கள் இம்மக்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உடனே குறிஞ்சித் திணை, எயினர், ஈராயிரம் ஆண்டு என்று போய்விடுவார்கள். பெருமையாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பெருமையில் எதிரே நிற்கும் மனிதர் ஒரு பழம்பொருளாகிவிடுகிறார். மோரிஸ் தெளிவாகக் காட்டினார்: மலைப்பண்டாரங்கள் தேன், குங்கிலியம், மருந்துச் சரக்கு என்று நெடுங்காலமாகச் சமவெளியோடு வாணிபம் செய்துவந்தவர்கள். பாத்தேக் மக்களும் பிரம்பும் அகில் கட்டையும் விற்று அரிசியும் இரும்பும் வாங்கியவர்கள். கலஹாரி மக்களைப் பற்றியும் 1989இல் எட்வின் வில்ம்சன் இதே கேள்வியை எழுப்பி, அந்தத் துறையையே இரண்டாகப் பிரித்த விவாதத்தை மூட்டினார். ஆகவே எந்த நூலை எடுத்தாலும் நான் முதலில் ஒரு தாளில் மூன்றைக் குறித்துக்கொள்வேன். ஆய்வாளர் அங்கே இருந்த ஆண்டு, அம்மக்களுக்கு அப்போது அண்டைவீட்டார் யார், அவர்களோடு என்ன கொடுக்கல் வாங்கல் இருந்தது. இது தெரியாமல் படித்தால் எல்லாமே காலமற்ற கதையாகிவிடும்.

நேரில் போக நினைப்பவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். தாமான் நெகாராவின் நுழைவூரான கோலா தாஹானிலிருந்து பயணிகளைப் படகில் ஏற்றி பாத்தேக் குடியிருப்புக்குக் கூட்டிச் செல்வார்கள். பிரம்பை மரத்தில் தேய்த்துத் தீ உண்டாக்குவதையும், ஊதுகுழலில் அம்பு எய்வதையும் செய்துகாட்டுவார்கள். ஊதுகுழலைக் கையில் வாங்கினால் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். இரட்டை மூங்கில், உட்குழல் மயிரிழை வளைவும் இல்லாமல் நேராக இருக்கும், அம்பின் பின்முனையில் காற்றைப் பிடிக்க எடையற்ற தக்கை. முனையில் தடவும் நஞ்சு ஈப்போ மரத்தின் பால். ஈப்போ நகரத்தின் பெயரும் அந்த மரத்தினுடையதுதான். செய்துகாட்டுபவர் இதைக் காட்டிச் சம்பாதிக்கிறார், அதில் குறை காண எதுவும் இல்லை. பயணத்துக்கு நாம் கட்டும் பணத்தில் குடியிருப்புக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று ஏற்பாட்டாளரிடம் நேராகக் கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால் பதில் சொல்ல வேண்டிவரும். கைவினைப் பொருளைச் செய்தவரிடமே வாங்குங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம். மிட்டாய் கொடுக்க வேண்டாம். அங்கே பல் மருத்துவர் இல்லை.

காட்டில் குரங்கையோ வேறெந்த விலங்கையோ பார்த்துக் கேலியாகச் சிரிக்கக் கூடாது என்று உடன் வரும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விலங்குகளை எள்ளினால் இடிக்கடவுள் சினந்து புயலை அனுப்புவார் என்பது பாத்தேக் நம்பிக்கை. எங்களோடு வந்த பிள்ளைகள் இதைக் கேட்டு மிகவும் பொறுப்பாக நடந்துகொண்டார்கள். ஒரு விலங்கை மதித்து நடப்பதற்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: இருமல், காய்ச்சல், சளி எது இருந்தாலும் பயணத்தை ரத்து செய்யுங்கள். டிக்கெட் பணம் போனால் போகட்டும். 2019இல் கிளந்தானின் குவா மூசாங் அருகே கோலா கோ குடியிருப்பில் பாத்தேக் மக்கள் பத்துப் பேருக்கும் மேல் அடுத்தடுத்து இறந்தார்கள். தட்டம்மை பரவியிருந்தது பரிசோதனையில் உறுதியானது. நம் பிள்ளைகளுக்கு ஒரு வயதில் ஊசி போட்டு மறந்துவிடும் நோய் அது. காடு சுருங்கி, சத்தான உணவு குறைந்து, தடுப்பூசியும் முழுமையாக எட்டாத இடத்தில் அது என்ன செய்யும் என்பதை அந்த ஜூன் மாதச் செய்திகளில் பார்த்தோம். அன்றிலிருந்து எங்கள் குழுவில் யார் எங்கே போனாலும் தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் நான் பெயரைச் சேர்ப்பதில்லை.

பகாங்குக்குப் போகத்தான் வேண்டும் என்றும் இல்லை. 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது இந்தச் சிங்கப்பூர்த் தீவில் இருந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் கடலையும் ஆற்றையும் சதுப்புக் காட்டையும் நம்பி வாழ்ந்தவர்கள். காலாங் ஆற்றில் படகிலேயே குடியிருந்த ஓராங் காலாங் மக்கள் பின்னர் ஜோகூரின் பூலாய் ஆற்றுக்கு அனுப்பப்பட்டார்கள். 1847இல் வந்த பெரியம்மையில் அவர்களில் பெரும்பாலோர் மாண்டார்கள். ஓராங் சிலேத்தார் மக்கள் நீரிணையின் இரு கரைகளிலும் கூரை வேய்ந்த படகுகளில் திரிந்து, நண்டும் மீனும் பிடித்து, நாய்களோடு காட்டுப்பன்றி வேட்டையாடியவர்கள். இன்று அவர்கள் ஜோகூர்க் கரையோரக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போவதற்கு முன் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் பிள்ளைகளோடு ஒரு காலை போய்வாருங்கள். கண்டல் எனும் சதுப்பு மரங்களின் வேர்களுக்கு நடுவே நண்டு எங்கே ஒளியும் என்று பார்த்துவிட்டுப் போனால், அக்கரையில் கேட்கும் கேள்விகள் நல்ல கேள்விகளாக இருக்கும்.

நான் பழகிய குடியிருப்பில், மக்சிக் என்று மலாயில் மரியாதையாக அழைக்கப்படும் அம்மா ஒருவர் படகுத்துறையில் உட்கார்ந்து நண்டு தரம் பிரிப்பார். பெரியவற்றின் கொடுக்குகளை நெகிழிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கூடையில் போடுவார், அவை உணவகத்துக்கு. கொடுக்கு ஒடிந்தவை அலுமினியச் சட்டியில் விழும். ஒருநாள் அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு முதியவர் வந்து சட்டியிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டு போனார். மக்சிக் தலையைத் திருப்பக்கூட இல்லை. யார் அவர் என்று கேட்டேன். "வீட்டில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது" என்றார். உறவா என்பதற்கு விடை கிடைக்கவில்லை. அவருக்கு அது தேவையான கேள்வியாகப் படவில்லை. உணவகத்துக்குரிய கூடையை அந்த முதியவர் தொடவில்லை என்பதையும் நான் கவனித்தேன். விற்பனைக்கு ஒரு சட்டம், வயிற்றுக்கு ஒரு சட்டம். இரண்டும் ஒரே பலகையில், ஒரு முழ இடைவெளியில் நடக்கின்றன. இம்மக்களின் வாழ்வு மறைந்துவிட்டது என்று எழுதுபவர்கள் அந்தப் பலகையருகே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

கடல் தூர்க்கப்பட்டு, கண்டல் அழிந்து, நண்டு குறைந்ததைப் பற்றி அவர்கள் அளவின்றிப் பேசுவார்கள். தங்கள் நிலத்துக்காக நீதிமன்றம் போனவர்கள் அவர்கள். 2017இல் ஜோகூர் பாரு உயர் நீதிமன்றம் அவர்களுடைய வழக்கமுறை நில உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. பழங்கதை கேட்கப் போகிறவர்கள் இந்தக் கதையையும் பொறுமையாகக் கேட்க வேண்டும். அவர்களுக்கு இதுதான் முதல் கதை.

ஆய்வு என்று போகிறவர்கள் எல்லோரும் எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறோம்: பேட்டி, படம், குறிப்பு. உங்களுக்கு எங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது மக்சிக் யோசிக்கவே இல்லை. "சிக்கு (டீச்சர்), எங்கள் பாட்டன்மார் படகில் இருந்த படங்கள் உங்கள் ஊரில் இருக்குமே. எங்களிடம் ஒன்றும் இல்லை" என்றார். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் படத் தொகுப்பில் சிலேத்தார் ஆறு, படகு வீடு, கடலோர மக்கள் என்று தேடி, எங்கள் குழுவினர் பட்டியல் தயாரித்தார்கள். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தில் பழைய ஆய்வு நூல்களும் இருக்கின்றன. வீட்டுக்கு எடுத்துவர முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அச்சிட்ட படங்களைப் பலகையில் பரப்பியதும் ஆட்கள் கூடிவிட்டார்கள். படத்தின் அடியில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. அவர்கள் படகின் கூரை வேய்ந்த முறையை வைத்து எந்தக் கரைப் படகு என்று சொன்னார்கள். ஒருவர் துடுப்பைக் காட்டி வாதாடினார். இரண்டு படங்கள் தங்கள் மக்களே இல்லை என்று ஒதுக்கிவைத்தார்கள். சொன்னதையெல்லாம் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிக்கொண்டோம். ஒரு பிரதி அவர்களிடம், ஒன்று எங்களிடம். அடுத்த முறை என்ன கொண்டுவர வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்: கடற்பாலம் கட்டுவதற்கு முந்தைய நீரிணையின் வரைபடம், பெரிய எழுத்தில், சுவரில் மாட்டும் அளவில், பிள்ளைகளுக்கு மலாய்ப் பாடப்புத்தகங்கள், நான்காம் வகுப்புக்கு மேல், முதியவர் ஒருவருக்கு மூக்குக் கண்ணாடி.